தொட்டி மேலே வரும்

மோட்டாரைப் போட்டு அரைமணி நேரம் ஆகியிருக்கும். தண்ணீர் ஒரு சாண் இறங்கியிருந்தது. இன்னும் நாலடி இருக்கிறது, பத்து மணிக்கெல்லாம் அடி தெரிந்துவிடும், பதினோரு மணிக்கு அவர்கள் வருகிறார்கள், வரட்டும், வந்து பார்க்கட்டும் என்று நினைத்தபடியே வையாபுரி வலைக்குச்சியை நீட்டி ஒரு வேப்பஞ்சருகை எட்டி அள்ளினார். அள்ளி வெளியே உதறிய பிறகுதான் உறைத்தது, இறைத்துக் கொட்டப்போகிற தண்ணீரில் எதற்குச் சருகு அள்ளுகிறோம் என்று. கை கேட்கவில்லை. மூன்று வருஷமாக விடிந்ததும் பண்ணுகிற வேலை. வாய் கொப்பளிக்கிறதற்கு முன்னால் வலையை எடுப்பது, சருகு, செத்த தட்டான், சில நாள் ஒரு தவளை, எல்லாவற்றையும் அரித்துப் போடுவது, பிறகு நைலான் புருசால் சுவரைத் தேய்ப்பது. கம்பி புருசு கூடாது. கம்பி பட்டால் மேல்பூச்சு கீறிவிடும், கீறின இடத்தில் பாசி வந்து உட்கார்ந்துகொண்டால் அப்புறம் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. பைபர் நீச்சல் தொட்டி. சிமெண்டு இல்லை, கல் இல்லை, ஒரே துண்டாக வார்த்தது, இருபத்தி நாலடி நீளம், பதினோரடி அகலம், நீலம். எந்த ஊர் ஆகாசத்திலும் அந்த நீலம் கிடையாது. நாற்பது வருஷம் ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டியோடு திரிந்தவருக்குத் தண்ணீர் என்றால் முதலில் பாறைத்தூளின் புகை, அப்புறம் சேறு, அப்புறம் சுண்ணாம்பு கரைத்த மாதிரி வெள்ளை, அதற்கும் அப்புறந்தான் தண்ணீர். நீலமாகத் தண்ணீரை அவர் இந்தத் தொட்டியில்தான் பார்த்தார். இப்போது அந்த நீலமும் இல்லை. புதன்கிழமையிலிருந்து குளோரின் போடவில்லை, சுவர் வழவழத்துப்போய் மூலையில் பச்சை கட்டியிருந்தது. குளோரின் இருக்கிற தண்ணீரைப் பாய்ச்சினால் தென்னைக்கு ஆகாது, அதற்காகத்தான் மூன்று நாள் விட்டுவைத்தார். கிழவன் ஏதோ கோபத்தில் செய்துவிட்டான் என்று நாளைக்கு ஒருத்தர் சொல்லிவிடக் கூடாது. யோசித்துத்தான் செய்கிறார். மூன்று நாள் யோசித்து, நாலாம் நாள் காலையில் மோட்டாரை இறக்கியிருக்கிறார்.

முழுசா எறக்கக் கூடாது முதலாளி. அதை முதல் நாளே சொல்லிவிட்டார் தொட்டியைப் பதிக்க வந்த பாலக்காட்டு மேஸ்திரி வர்க்கீஸ். "இது வெறும் பாத்திரமாக்கும், முதலாளி. உள்ள வெள்ளம், தண்ணி, இருக்கற வரைக்கும் அனங்காது, அசையாது. முழுசா எறக்கினா, அடியில வெள்ளம் ஊறி நின்னா, படகு போல மேல வரும். பின்ன எத்தன கிரேன் வந்து அமுக்கினாலும் பழைய எடத்துல இருக்காது." அப்படிச் சொல்லிவிட்டு, தொட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு நாலங்குலக் குழாயை அடிமட்டம் வரைக்கும் இறக்கி மேலே மூடி போட்டுவிட்டுப் போனார், அடியில் தண்ணீர் ஊறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள. அந்த மூடியை இன்றைக்கு வையாபுரி திறக்கவில்லை. திறந்து பார்க்க என்ன இருக்கிறது. செவ்வாய், புதன், வியாழன் என்று மூன்று நாள் ஐப்பசி மழை ஊற்றித் தள்ளியிருக்கிறது. சங்ககிரி ரோட்டில் பஸ் நின்றுவிட்டது என்றார்கள். தோட்டத்தில் கால் வைத்தால் கணுக்கால் வரை போகிறது. அடியில் ஊறாமலா இருக்கும். வர்க்கீஸ் சொன்ன அன்றைக்கு இவர் சிரித்தார். "ஏனுங்க மேஸ்திரி, நாலாயிரம் போர் போட்டவன் நான், எனக்கே தண்ணி பத்திச் சொல்றீங்களா" என்றார். வர்க்கீசும் சிரித்தார். ஊரே சிரித்த நாள் அது. தொட்டியை நீள லாரியில் சாய்த்துக் கட்டிக்கொண்டு வந்தபோது டீக்கடையில் இருந்த சனம் பூராவும் ரோட்டுக்கு வந்துவிட்டது. "என்னப்பா வையாபுரி, தாழி இத்தாப் பெருசா வாங்கிட்ட, எருமை எத்தன வாங்கப் போற?" என்று கேட்டான் ஒருத்தன். "எருமையெல்லாம் பெங்களூர்ல இருக்குது, லீவுக்கு வரும்" என்று இவரே சொன்னார். அப்படிச் சொல்கிற அளவுக்குச் சந்தோஷம். பேரனும் பேத்தியும் தண்ணீரில் விழுந்து புரளப்போகிற சந்தோஷம். "அப்பா, அங்க வந்தா கொழந்தைங்களுக்கு ஒண்ணுமில்லீங்கப்பா, போனையே பாத்துக்கிட்டுக் கெடக்குதுங்க, ஒரு ஸ்விம்மிங் பூல் இருந்தா மாசாமாசம் வருவோம்" என்று பெங்களூரிலிருக்கிற மகள் சுகுணா சொன்ன வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வாங்கியது. மாசாமாசம். வந்தார்கள். முதல் சித்திரைக்கு வந்தார்கள். அதற்கடுத்த மே மாசம் வந்தார்கள், பேத்தி ஒரு தரம் இறங்கிவிட்டு, கண் எரியுது தாத்தா என்று ஏறிப்போய்ச் சோபாவில் படுத்துக்கொண்டாள். அதோடு சரி. கண் எரிந்தது குளோரின் அதிகமானதால். அன்றைக்கு இவர் கணக்குத் தெரியாமல் ரெண்டு கை கூடப் போட்டுவிட்டார். பிறகுதான் குளோரின் அளவு பார்க்கிற சொட்டு மருந்து டப்பாவை வாங்கி, காலையும் சாயங்காலமும் அதிலிருந்த சின்னக் குழாயில் தண்ணீர் மொண்டு, மஞ்சள் எவ்வளவு, சிவப்பு எவ்வளவு என்று வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்க்கப் பழகினார். மூன்றாங்கிளாஸோடு நின்றவர். அட்டையில் இங்கிலீசில் என்ன போட்டிருக்கிறதோ, நிறம் தெரியுமே. எலுமிச்சை மஞ்சளாக இருந்தால் சரி, சாமந்தி மஞ்சளாக இருந்தால் அதிகம். அதற்கப்புறம் ஒரு குழந்தைக்கும் கண் எரிந்தது கிடையாது. யார் வீட்டுக் குழந்தைக்கும்.

யார் வீட்டுக் குழந்தைக்கும் என்று நினைத்த இடத்தில் நெஞ்சு சிக்கிக்கொண்டது. முள்ளில் சேலை சிக்குகிற மாதிரி. இழுத்தால் கிழியும், விட்டால் நகர முடியாது. சனிக்கிழமை சனிக்கிழமை ஒரம்பரை, விருந்தாளிகள், வந்தார்கள். அப்படித்தான் இவர் நினைத்தார். "அப்பா, என்ற கூட வேலை செய்யறவங்க வர்றாங்க, ரெண்டு நாள் இருந்துட்டுப் போவாங்க, கொஞ்சம் பாத்துக்குங்க" என்று சுகுணா போனில் சொல்வாள். மகளோடு வேலை செய்கிறவர்கள் என்றால் ஒரம்பரைதானே. வாசலில் நின்று வாங்க வாங்க என்று கூப்பிட்டார். இளநி வெட்டிக் கொடுத்தார், கொடுத்துவிட்டு ஓட்டைப் பிளந்து வழுக்கை வழித்துக் கொடுத்தார். பெண்டாட்டி பெருமாயி முருங்கைக்கீரை பொரித்து, கம்பஞ்சோறு ஆக்கி, நாட்டுக்கோழி அடித்து, இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க சாமி என்று நின்றாள். ஒருத்தர் கிளம்பும்போது இவர் கையில் ஏதோ திணிக்க வந்தார். இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "என்னுங்க இது, வந்த வூட்ல போய்" என்று கோபித்துக்கொண்டார். அந்த ஆள் விழித்த விழி இப்போதுதான் விளங்குகிறது. எத்தனை சனிக்கிழமை. ஒரு கம்பெனியில் இத்தனை பேரா வேலை செய்வார்கள் என்று கூடத் தோன்றவில்லையே. தோன்றியது. ஒரு தரம் தோன்றியது. சேலத்திலிருந்து ஒரு வயசான தம்பதி வந்தபோது, இவர்கள் எங்கே என் மகளோடு வேலை செய்கிறார்கள் என்று தோன்றியது. அப்போது பேத்தி வயசில் ஒரு பிள்ளை அவர்கள் பின்னாலிருந்து ஓடிவந்து, தொட்டியைப் பார்த்து அய் என்று கத்தினாள். கத்தின சத்தத்தில் யோசனை கலைந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமைதான், மதுரைப் பக்கத்துப் பெண் ஒருத்தி, ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அங்கிள், உங்களப் பத்தி எம்புட்டு நல்லா எழுதியிருக்காங்க தெரியுமா? இருங்க வாசிக்கிறேன். 'கேர்டேக்கர் அங்கிள் ரொம்ப நல்லவர். பூலை அவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறார். இளநீர் கேட்காமலே வெட்டித் தருகிறார்.' அஞ்சு ஸ்டார் அங்கிள் உங்களுக்கு!" இவருக்கு ஸ்டார் புரிந்தது. முன்னால் சொன்ன வார்த்தைதான் புரியவில்லை. "அதென்னம்மா, கேர்ட்டு..." என்றார். "கேர்டேக்கர் அங்கிள். வீட்டப் பாத்துக்கறவர்னு அர்த்தம். ஓனர் பெங்களூர்ல இருக்காங்கள்ல, சுகுணா மேடம்." அந்தப் பெண்ணின் மேல் தப்பில்லை. பல் தெரியச் சிரித்துக்கொண்டு, நல்ல சேதி சொல்கிற முகத்தோடு சொன்னாள். இவரும் சிரித்தார். அதுதான் தாங்க முடியவில்லை. சிரித்தார். சிரித்துவிட்டுப் போய் இன்னொரு இளநி வெட்டிக்கொண்டு வந்து அவளிடம் கொடுத்தார்.

காசு இல்லை விஷயம். வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டு மகள் காசு வாங்குகிறாள், வாங்கட்டும், அவளுக்கு இல்லாத காசா. வீட்டையும் தோட்டத்தையும் அவள் பேருக்கே எழுதிக் கொடுத்தாகிவிட்டது, போன தை மாசம் திருச்செங்கோடு ரிஜிஸ்டர் ஆபீசில், இவரே கையெழுத்துப் போட்டார். ஓனர் என்றால் அவள்தான், காகிதத்தின்படி அந்தப் பெண் சொன்னதில் பொய்யே இல்லை. ஆனால் அந்தச் சொல். ரிக் வண்டிக்கு முதலாளியாக இருந்தவர், ஆந்திராவிலும் மத்தியப்பிரதேசத்திலும் பாஷை தெரியாத ஊரில் வண்டி நிறுத்தி, பாறையை ஆயிரம் அடிக்கு ஓட்டை போட்டுத் தண்ணீர் எடுத்தவர். ஊர்க்காரன் காலில் விழுந்திருக்கிறான், ஊர்க்காரன் கல்லெடுத்து எறிந்துமிருக்கிறான், தண்ணீர் வந்தால் சாமி, புகை வந்தால் திருடன். அது தொழில். எத்தனையோ பெயர் வாங்கியிருக்கிறார், ஒன்றும் ஒட்டவில்லை, சட்டையில் விழுந்த புகை மாதிரி உதறிவிட்டு அடுத்த ஊருக்குப் போயிருக்கிறார். இது ஒட்டிக்கொண்டுவிட்டது. பாத்துக்கறவர். கொஞ்சம் பாத்துக்குங்க அப்பா. கொஞ்சம் பாத்துக்குங்க. ஒவ்வொரு சனிக்கிழமையும் மகள் சொன்ன அதே வார்த்தையைத்தான் அந்தப் பெண் இங்கிலீசில் சொல்லியிருக்கிறாள், அப்படியென்றால் மகள் சொல்லும்போதே அந்த அர்த்தத்தில்தான் சொன்னாளா, இல்லை முதலில் அப்பாவிடம் சொல்கிற மாதிரி சொல்லி எந்தச் சனிக்கிழமையிலிருந்து வேறு மாதிரி ஆனது? அந்தச் சனிக்கிழமையை மட்டும் யாராவது காட்டிவிட்டால் போதும் என்று இருந்தது அவருக்கு. மோட்டார் ஒரு தரம் இருமியது. வையாபுரி எழுந்து போய் உறிஞ்சு குழாயை மிதித்து ஆழத்துக்குத் தள்ளினார். தண்ணீர் மட்டம் இறங்கின இடத்தில் உப்புப் படை வெள்ளைக் கோடாக நின்றது. போர்த் தண்ணீரின் உப்பு. வாரம் ஒரு தரம் எலுமிச்சம்பழத்தைப் பிளந்து அந்தக் கோட்டைத் தேய்த்துத் தேய்த்து எடுப்பார். வர்க்கீஸ் சொல்லிக் கொடுத்ததில்லை அது, இவராகக் கண்டுபிடித்தது. அஞ்சு ஸ்டார்.

எட்டேகாலுக்குப் போன் அடித்தது. சுகுணாதான். எடுப்பதற்கு முன்னால் வையாபுரி ஒரு முடிவு பண்ணிக்கொண்டார். உண்மையைச் சொல்லிவிட்டால் மோட்டாரை நிறுத்திவிடுவது. வாய் திறந்து ஒரு வார்த்தை, வாடகைக்கு விட்டிருக்கிறேன் அப்பா, சொல்லாதது தப்புத்தான் என்று ஒரே வார்த்தை சொன்னால் போதும், இன்னும் மூன்றடித் தண்ணீர் இருக்கிறது, ஒன்றும் கெட்டுப்போகவில்லை, மேலே போர்த் தண்ணீரை விட்டு நிரப்பிக் குளோரினைக் கொட்டினால் நாளைக்கு நீலமாகிவிடும். "அப்பா, சாப்டீங்களா? மழை உட்டுருச்சா அங்க?" என்றாள். "உட்டுருச்சு கண்ணு." "பதினோரு மணி வாக்குல வருவாங்கப்பா. நாலு பேரு. திருச்சியிலருந்து. பூல்ல சருகு கிருகு விழுந்திருக்கும், கொஞ்சம்..." "ஆரு சாமி வர்றது?" என்று கேட்டார். இதுவரைக்கும் கேட்டதே இல்லை. அந்தப் பக்கம் ஒரு நொடி சத்தமில்லை. அந்த ஒரு நொடியில் வையாபுரி மோட்டார் ஸ்விட்சு இருக்கிற பக்கம் ரெண்டு எட்டு வைத்துவிட்டார். கை கூட நீண்டுவிட்டது. "என்ற கூட வேலை செய்யறவங்கதாம்ப்பா. புதுசாச் சேந்திருக்காங்க." "புதுசா" என்றார் இவர். "ஆமாப்பா. கொஞ்சம் பாத்துக்குங்க." சரி கண்ணு, பாத்துக்கறேன் என்று சொல்லி வைத்துவிட்டார். பொய் சொன்னது கூடப் பெரிசில்லை. புதுசாகச் சேர்ந்திருக்கிறார்கள் என்று அதற்கு ஒரு சட்டை தைத்துப் போட்டாள் பார், அந்த நேரத்தில், அந்த ஒரு நொடிக்குள். அவ்வளவு கைவேகம் அவளுக்கு எங்கிருந்து வந்தது? பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ரிக் வண்டியின் படியில் ஏறி நின்று, அப்பா தண்ணி வருது தண்ணி வருது என்று ஊருக்கு முந்திக் கத்தின பிள்ளை. முதலில் அவள்தான் கத்துவாள். புகையின் வாசத்தில் ஈரம் கலக்கிறதை மோந்து சொல்லிவிடுவாள். வண்டியில் வேலை செய்த ஆட்களுக்குக் கூட அது தெரியாது.

தண்ணீர் இடுப்பளவுக்கு வந்துவிட்டது. இனி எந்த நேரமும் நடக்கலாம். எப்படி நடக்கும் என்று வர்க்கீஸ் சொல்லியிருந்தார், எடப்பாடிப் பக்கம் ஒரு ரிசார்ட்டில் பார்த்தாராம், முதலில் ஓரத்து டைல்ஸ் வெடிக்கிற சத்தம், அப்புறம் ஆழமான பக்கம் மெதுவாகத் தூக்கும், மாடு படுத்த இடத்திலிருந்து பின்னங்காலை ஊன்றி எழுந்திருக்கிற மாதிரி. வையாபுரிக்கு அதைப் பார்க்கவேண்டும். திருச்சிக்காரர்கள் காரில் வந்து இறங்கும்போது தொட்டி வாசலைப் பார்த்துக்கொண்டு கோணலாக நிற்கவேண்டும். அவர்கள் போட்டோ பிடித்து அவளுக்கு அனுப்பவேண்டும். அஞ்சு ஸ்டார் போடுகிற அதே இடத்தில் போடவேண்டும். அவள் பதறிப்போய்ப் போன் பண்ணும்போது, பாத்துக்கறவன் சரியாப் பாத்துக்கலை சாமி, வேற ஆளப் போட்டுக்க என்று சொல்லவேண்டும். அந்த வாக்கியத்தைப் புதன்கிழமையிலிருந்து வாய்க்குள் உருட்டிக்கொண்டிருக்கிறார், மூன்று நாளில் அது கூழாங்கல் மாதிரி வழவழவென்று ஆகியிருந்தது. "ஏனுங்க!" என்று பெருமாயி தென்னை பக்கமிருந்து கத்திக்கொண்டே வந்தாள். சேலை முழங்கால் வரை சேறு. "வட்டப்பாத்தி நெறஞ்சு வரப்ப ஒடச்சிட்டு ஓடுதுங்க தண்ணி! எந்த மோட்டாரப் போட்டீங்க?" வந்து தொட்டியைப் பார்த்தாள். வாயில் கை வைத்துக்கொண்டாள். "முழுசா எறக்கக் கூடாதுன்னு அந்த மேஸ்திரி தலப்பாடா அடிச்சுக்கிட்டாரே." "தெரியும்." "தெரிஞ்சுதான் எறக்கறீங்களா? ஒரம்பரை வர்ற நேரத்துல?" "ஒரம்பரையா?" என்றார் வையாபுரி. "ஒரம்பரையா அவங்க? உன்ற மக வாடகைக்கு உட்டிருக்கறா. தெரியுமா உனக்கு? நீயும் நானும் சம்பளமில்லாத வேலைக்காரங்க." பெருமாயி அதிர்ந்துபோவாள் என்று இவர் எதிர்பார்த்தார். கூடச் சேர்ந்து அழ ஒரு ஆள் வேண்டியிருந்தது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "தெரியும்." "என்ன தெரியும்?" "போன ஆடியிலயே சொல்லிட்டா. அப்பாகிட்டச் சொல்லாதம்மா, வையறதுக்கு வருவாருன்னா." "நீ சொல்லல." "சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? வர்றவங்கள வெரட்டியிருப்பீங்க. அப்பறம் இந்த வூட்ல ஆரு இருப்பா? நீங்களும் நானும் இந்தத் தண்ணியும். வாரத்துக்கு ரெண்டு நாளு நாலு கொழந்தைங்க சத்தம் கேட்டுச்சில்ல. ஆரூட்டுக் கொழந்தையா இருந்தா என்னுங்க." சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தவள் நின்றாள். "வரப்பொடச்ச தண்ணி உங்கண்ணங் காட்டுக்குள்ள போவுது. அவரு மம்புட்டி எடுத்துக்கிட்டு வந்து மடை கட்டித் தன்ற தென்னைக்குத் திருப்பிக்கிட்டாரு. நான் ஒண்ணுஞ் சொல்லல."

ராக்கியண்ணன், கூடப் பிறந்த அண்ணன். அவன் பேச்சு வந்ததும் மகளும் பெண்டாட்டியும் ஒரு ஓரமாக ஒதுங்கிக்கொள்ள, பத்தொன்பது வருஷத்துக் கோபம் பழக்கமான இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. எவ்வளவு தைரியம். கேட்காமல் தண்ணீரைத் திருப்புகிறான். இவர் மகள் கல்யாணத்துக்கு வராதவன். வெற்றிலைத் தட்டோடு நேரில் போய்ப் பத்திரிகை வைத்தும், முதல் பந்தியில் பெரியப்பன் இலை என்று ஒரு இலையைப் போட்டு வைத்திருந்தும், காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்த இலை காய்ந்து சுருண்டும், வராதவன். அதை நினைக்காத நாளில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் அதற்கு முந்தின ஒன்று கூடவே வரும், அதை இவர் உள்ளே விடுவதில்லை. இன்றைக்கு எப்படியோ நுழைந்துவிட்டது. பாகம் பிரித்தபோது அப்பன் வெட்டின கிணறு அண்ணன் பக்கம் போனது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் முறைத் தண்ணீர். சொந்தமாக ரிக் வண்டி வைத்திருக்கிறவன் முறைத் தண்ணீருக்குக் காத்திருப்பதா என்று, கிணற்று மேட்டிலிருந்து பத்தே கஜம் தள்ளித் தன் எல்லைக்குள் வண்டியை நிறுத்தித் தொள்ளாயிரம் அடி இறக்கினார். தென்னை மட்டை உயரத்துக்குப் பீய்ச்சியது தண்ணீர். சுகுணா குதித்தாள். ஒரு மாசத்தில் கிணற்றின் ஊற்றுக்கண் மூடிவிட்டது. அண்ணன் வேலி ஓரமாக வந்து நின்றான். சண்டை போட வரவில்லை, சத்தமே போடவில்லை. "வந்து கெணத்த மூடியிருந்தாக்கூடக் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கும்டா. அடியில கைய உட்டு உருவிட்டயே." இவர் சொன்னார், "என்ற நெலத்துல நான் போட்டேன்." அதற்கு மேல் ஒரு பேச்சில்லை. என்ற நெலத்துல நான் போட்டேன். சரிதானே அது, இன்றைக்கு வரைக்கும் எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் சரிதானே. என்ற வூட்ட நான் வாடகைக்கு உட்டேன் என்று அவள் சொன்னாலும் சரியாகத்தான் இருக்கும். சரியாக இருக்கிறதெல்லாம் ஏன் இப்படிக் கசக்கிறது என்று தெரியவில்லை. வையாபுரி எச்சிலைக் கூட்டித் துப்பினார்.

பத்தாவதற்குள்ளேயே அடி தெரிந்துவிட்டது. மோட்டார் காற்றை இழுத்துக் கத்த ஆரம்பித்தது, நிறுத்தினார். ஆழப் பக்கத்தில் ஒரு குண்டான் அளவுக்குச் சேற்றுத் தண்ணீர், அதில் குழந்தைகள் போடுகிற நீச்சல் கண்ணாடி ஒன்று, ஒரு தலைக்கிளிப், தவளை ஒன்று. நீலம் முழுக்க வெயிலில் காய்ந்து வெளிறியது. இப்படி வெறுமையாக அவர் தொட்டியைப் பார்த்தது லாரியிலிருந்து இறக்கின அன்றைக்குத்தான். மண்ணுக்குள் வைத்துவிட்டு, உள்ளே ஒரு அடி தண்ணீர் விட்டால் வெளியே ஒரு அடி மணல் தட்டவேண்டும், உள்ளேயும் வெளியேயும் ஒரே அளவாக ஏறிக்கொண்டே வரவேண்டும், ஒரு பக்கம் கூடினால் சுவர் வயிறு தள்ளிவிடும் என்று வர்க்கீஸ் நின்றுகொண்டே பார்த்துக்கொண்டார். இப்போது உள்ளே ஒன்றுமில்லை. வையாபுரி காத்திருந்தார். காக்கா கத்தியது. ரோட்டில் ஒரு டெம்போ போனது. ஓரத்து டைல்ஸ் ஏதோ முறுக்கென்று சத்தம் போட, எழுந்து நின்றுவிட்டார், வந்துவிட்டது, அவ்வளவுதான், இனி பிடிக்க முடியாது என்று ஒரு பயமும் கூடவே கிளம்பியது. வேண்டாம் என்று கூட ஒரு தரம் வாய்க்குள் சொன்னார். ஒன்றுமில்லை. காய்ந்த பைபர் வெயிலுக்கு நெளிகிற சத்தம். கால் மணி நேரம். அரைமணி நேரம். தொட்டி அப்படியே உட்கார்ந்திருந்தது, எங்கேயும் போகிற எண்ணமில்லாத ஆள் மாதிரி. தண்ணீர் ஊறியிருந்தால் பாதி இறக்கும்போதே அசைந்திருக்கவேண்டும். கீழே ஊறியிருந்தால். அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் கை குனிந்து ஒரு ஜல்லிக்கல்லை எடுத்தது. வர்க்கீஸ் இறக்கின குழாயின் மூடி இறுகியிருந்தது, வேட்டி நுனியைச் சுற்றித் திருகித் திறந்தார். முகத்துக்கு வந்த காற்றிலேயே தெரிந்தது. ஈர வாசமில்லை. சூடான கல்லின் வாசம், காய்ந்த மண்ணின் வாசம், நாற்பது வருஷம் மோந்த வாசம். புகை. கல்லைப் போட்டார். தண்ணீர் இருந்தால் சொளக் என்று கேட்கும், எவ்வளவு தண்ணீர் என்பதைக் கூட அந்தச் சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவார். டொக் என்று கேட்டது. டொக். பாறையில் பட்ட மாதிரி.

மேல் ஈரத்தைப் பார்த்து ஏமாந்துவிட்டார். அதுதான் அவரால் நம்ப முடியவில்லை. இங்க பாருங்க புல்லு பச்சையா இருக்குது, இங்க தண்ணி இருக்குமுங்க என்று காலைக் கட்டிக்கொண்டு கூப்பிடுகிற விவசாயியைப் பார்த்து எத்தனை தரம் சிரித்திருக்கிறார். மேல் ஈரம் மேலோடு சரி அப்பா, மூணு நாள் மழை மூணடி கூட எறங்காது, கீழ இருக்கறது வேற கணக்கு என்று எத்தனை ஊரில் சொல்லியிருக்கிறார். அவர் சின்னப் பையனாக இருந்தபோது இந்த இடத்தில், இதே இடத்தில், ஐப்பசியில் நாலடி தோண்டினால் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீரைத்தான் மூன்று நாளாக மனசுக்குள் வைத்துக்கொண்டு தொட்டியைத் தூக்கக் காத்திருந்திருக்கிறார். அது இப்போது எங்கே இருக்கிறது? அது போய் எத்தனை வருஷம்? அடியில கைய உட்டு உருவிட்டயே என்றானே அண்ணன். வையாபுரி குழாய் வாயிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் மண்வெட்டியின் சத்தம் கேட்டது, சதக், சதக் என்று, ஈர மண்ணை இழுத்து மடை கட்டுகிற சத்தம். அவசரமில்லாத சத்தம். எழுபத்தி நாலு வயசுக்காரன் வெட்டுகிற வெட்டு. தண்ணீர் வருகிற நேரத்தில் வெட்டுகிறவனின் வெட்டு. நிறுத்தடா என்று சொல்ல வாய் வந்தது, வந்து, எதை நிறுத்தச் சொல்வது என்று தெரியாமல் நின்றது.

கேட்டில் ஆரன் அடித்தது. பதினோரு மணிக்கு அஞ்சு நிமிஷம் இருந்தது. வெள்ளைக் கார், பின் சீட்டில் ரெண்டு பிள்ளைகள் இப்போதே நீச்சல் உடையோடு, ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு. ஒரு ஆள் இறங்கி, கறுப்புக் கண்ணாடியைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டு தொட்டி வரைக்கும் நடந்து வந்தார். தொட்டியைப் பார்த்தார். வேட்டியில் சேறும், கையில் இன்னொரு கல்லுமாகக் குழாயின் பக்கத்தில் மண்டி போட்டிருக்கிற கிழவரைப் பார்த்தார். "ஐயா, வணக்கம். திருச்சியிலருந்து வர்றோம், சுகுணா மேடம் சொல்லியிருப்பாங்க. என்னங்க இது, பூல்ல தண்ணியே இல்ல?" வையாபுரி வாய்க்குள் உருட்டி உருட்டி வைத்திருந்த வாக்கியத்தைத் தேடினார். பாத்துக்கறவன் சரியாப் பாத்துக்கலை. அது இருந்த இடத்தில் இருந்தது. ஆனால் அதை எடுத்து நீட்டுவதற்கு எதிரில் மகள் இல்லை. "கேர்டேக்கர்..." என்று அந்த ஆள் இழுத்தார், கிழவருக்குப் புரியவில்லையோ என்று நினைத்து, மரியாதையாக, வார்த்தையை மாற்றிக் கேட்டார். "அதாவது, இங்க பாத்துக்கறவரு நீங்கதானுங்களா?"

"இல்லீங்க," என்றார் வையாபுரி. "நான் பாத்துக்கலீங்க."

அந்த ஆள் வெறுந்தொட்டியை இன்னொரு தரம் எட்டிப் பார்த்தார். பிறகு காரைப் பார்த்துத் திரும்பி, இறங்கலாமா என்று கேட்டுக்கொண்டிருந்த மனைவியிடம் கையை ஆட்டிச் சொன்னார்.

"இரும்மா. இவரு இல்லையாம்."

வேலிக்கு அந்தப் பக்கம் மண்வெட்டி நின்றிருந்தது. வையாபுரி கையிலிருந்த ரெண்டாவது கல்லையும் குழாய்க்குள் விட்டுவிட்டு, சொளக் என்று கேட்கிறதா என்று காதைச் சாய்த்தார்.